தெண்டமும் அபராதமும்

எங்கள் பக்கத்தில் அபராதம் என்ற சொல்லை யாரும் பேச்சில் சொல்வதில்லை. தெண்டம் என்றுதான் சொல்வோம். ஊர்க்கூட்டத்தில் போடுவதும் தெண்டம், போலீஸ்காரர் போடுவதும் தெண்டம். வீணாய்ப் போன காசுக்கும் அதே பேர்தான். எம்.ஏ. படித்தபோது தண்டம் என்ற சொல்லுக்குக் கோல், படை, தண்டனை, வணக்கம் என்று பல பொருள்களைப் படித்தேன். எங்கள் சனங்கள் அகராதி பார்த்தவர்கள் இல்லை. ஆனால் இவை எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்தவை என்று அவர்களுக்குத் தெரியும். காசும் கட்ட வேண்டும், காலிலும் விழ வேண்டும்.

எங்கப்பா 1981இல் ஒரு பழைய சைக்கிள் வாங்கினார். ஊர்த்தெரு வந்ததும் இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும். தெரு முடிந்த பிறகுதான் ஏறலாம். ஒருநாள் என் பெரியம்மாவுக்குப் பிரசவ வலி கண்டுவிட்டது. மருத்துவச்சியைக் கூப்பிட ஓடியவர் இறங்காமலே போய்விட்டார். மறுநாள் கூட்டம். 51 ரூபாய் தெண்டம். கட்டிவிட்டு விழுந்து கும்பிட்டார். "ஏன்னு ஒரு வார்த்த கேக்கலையாப்பா?" என்று நான் கேட்டதுண்டு. "கேட்டிருந்தா நூத்தியொண்ணு ஆக்கியிருப்பானுங்க" என்றார். அப்பா இப்போது இல்லை.

வண்டியும் பாதையும் நமக்குச் சும்மா கிடைத்தவை அல்ல. திருவிதாங்கூரில் அய்யன்காளி 1893இல் வில்வண்டி ஏறிப் பொதுப்பாதையில் போனதே ஒரு போராட்டமாக இருந்தது. 1901இல் சிறுவன் அம்பேத்கரையும் கூட வந்த பிள்ளைகளையும் ஏற்றிச்செல்ல மாட்டுவண்டிக்காரர்கள் மறுத்தார்கள். கடைசியில் இரட்டைக்கூலி கொடுத்து, வண்டியையும் பிள்ளைகளே ஓட்டிக்கொண்டு போனார்கள். வண்டிக்காரர் தீட்டுக்குப் பயந்து கூடவே நடந்து வந்தார். 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற குறிப்புகளில் அம்பேத்கர் இதை எழுதியிருக்கிறார். அதெல்லாம் பழைய கதை என்றும் தள்ளிவிட முடியாது. 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டத்தில் ஒரு கல்லூரி மாணவன், புல்லட் ஓட்டியதற்காகச் சாதிப் பெயர் சொல்லிக் கையில் வெட்டப்பட்டதாக வழக்குப் பதிவானது.

இந்தப் பின்னணியில்தான் எனக்கு வந்த ஒரு சலானைப் பற்றி எழுதுகிறேன். சின்ன விஷயம். ஆயிரம் ரூபாய்.

போன பங்குனியில் ஒருநாள், தம்பியின் எக்ஸெல் வண்டியில் ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டுத் திரும்பினேன். பெட்ரோல் தீர்ந்து வண்டி நின்றுவிட்டது. ஹெல்மெட்டைக் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டிவிட்டு, பங்கை நோக்கித் தள்ளிக்கொண்டு வந்தேன். வெயில். முச்சந்தியில் போலீஸ்காரர்கள் நின்றிருந்தார்கள்.

"ஏம்மா, ஹெல்மெட் எங்க?"

"வண்டியில மாட்டியிருக்கு சார். பெட்ரோல் இல்ல, தள்ளிக்கிட்டுத்தான் வர்றேன்."

"அதெல்லாம் அங்க போயி சொல்லிக்க."

சொல்லிக்கொண்டே கையிலிருந்த மிஷினில் பின்பக்கமாக ஒரு படம் எடுத்தார். சாயங்காலம் தம்பி செல்லுக்குச் செய்தி வந்தது. தலைக்கவசம் அணியாமல் வாகனம் ஓட்டிய குற்றம், 1000 ரூபாய். ஆர்.சி. புத்தகம் தம்பி பேரில் இருப்பதால் சலானும் அவன் பேருக்கே வந்தது.

தமிழ்நாட்டில் இந்தக் குற்றத்துக்கு 100 ரூபாய்தான் இருந்தது. 2022 அக்டோபரில் ஆயிரம் ஆக்கினார்கள். 2024-25இல் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் அறிவித்த கூலி நாளுக்கு 319 ரூபாய். அந்தக் கூலிக்கு எங்கம்மா மூன்று நாள் வெயிலில் மண் சுமந்திருந்தாலும் அந்த ஆயிரம் முழுசாக வந்திருக்காது.

வண்டியின் முன்பக்கம் அம்பேத்கர் படம் ஒட்டியிருக்கிறது. அதைப் பார்த்துத்தான் போட்டார் என்று எழுதினால் நம் பத்திரிகையில் வாசிக்க நன்றாக இருக்கும். எனக்கு அது தெரியாது. அவர் என் ஊரைக் கேட்கவில்லை, தெருவைக் கேட்கவில்லை. கணக்குக் காட்ட வேண்டிய அவசரமாகவும் இருந்திருக்கலாம். தெரியாததைச் சாதிக்கொடுமை என்று எழுதினால், தெரிந்ததை எழுதும்போதும் எவனும் நம்ப மாட்டான். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். நான் ஓட்டவில்லை, தள்ளினேன்.

சட்டத்தை எடுத்துப் படித்தேன். மோட்டார் வாகனச் சட்டம் 129ஆம் பிரிவு, வண்டியை ஓட்டுகிறவரும் அதில் ஏறிச் செல்கிறவரும் தலைக்கவசம் போட வேண்டும் என்கிறது. தண்டனை சொல்வது 194டி பிரிவு. தள்ளிக்கொண்டு நடப்பவருக்கு அதில் ஒன்றும் இல்லை. சலானோடு வந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் என் இரண்டு காலும் தரையில் இருக்கின்றன. சீட்டில் ஆள் இல்லை. எனக்குச் சாட்சி அவர்கள் எடுத்த படமே.

வக்கீல் தோழர் ஒருவரிடம் காட்டினேன். "கட்டிட்டீங்கன்னா 200ஆம் பிரிவுல அதோட முடிஞ்சிரும், மேல நடவடிக்கை கெடையாது. கட்டலன்னா மொதல்ல ஆபீசுக்கு மனு எழுதிப் போடுங்க. தள்ளுபடி பண்ணலன்னா கோர்ட்டுக்குப் போகும். ரெண்டு மூணு வாய்தா ஆகும் தோழர். பஸ்சு, சாப்பாடு, லீவுன்னு ஆயிரத்துக்கு மேல போயிரும்" என்றார். கணக்குப் பார்த்தால் கட்டுவதுதான் லாபம். இந்தக் கணக்கால்தான் நம் ஆட்கள் கேட்காமலே கட்டுகிறார்கள்.

ஆனால் காசு மட்டும் இல்லை. தம்பி போலீஸ் வேலைக்கு எழுதியிருக்கிறான். எழுத்துத் தேர்வு தேறிவிட்டான். இனி உடல்தகுதி, அப்புறம் விசாரணை. அவன் பேரில் கோர்ட்டில் ஒரு வழக்கு நின்றால் என்ன ஆகும் என்று அம்மாவுக்குப் பயம். "ஆயிரம் ரூவாய்க்காக அவன் பொழப்புல மண்ணப் போடாத. ஒங்கப்பா தள்ளாமப் போனதுக்குக் கட்டுனாரு, நீ தள்ளிக்கிட்டுப் போனதுக்குக் கட்டு. நம்ம தலையெழுத்து" என்றது. அம்மா சொன்னதில் நியாயம் இருந்தது. என் கொள்கைக்கு அவன் வேலையை விலையாகக் கொடுக்க எனக்கு உரிமை இல்லை. இரண்டு நாள் தூங்கவில்லை.

அந்த வாரம் காலனி மன்றத்தில் பிள்ளைகள் சலான்களையெல்லாம் கொண்டுவரச் சொன்னேன். எட்டுப் பேர் செல்லைக் காட்டினார்கள். மூன்று பேராய் ஒரே வண்டியில் போனவன், லைசன்ஸ் இல்லாதவன், குடித்துவிட்டு ஓட்டியவன் எல்லாரும் இருந்தார்கள். "நீங்க கட்டத்தான் வேணும்" என்றேன். அதில் எனக்குத் தயக்கம் இல்லை. 2022இல் மட்டும் தமிழ்நாட்டில் சாலை விபத்தில் செத்தவர்கள் 17,884 பேர். எங்கள் காலனியிலேயே இரண்டு பிள்ளைகளைத் தலையில் அடிபட்டுப் பறிகொடுத்திருக்கிறோம். ஹெல்மெட் சட்டம் நம்மைக் காப்பாற்றுகிற சட்டம்.

எட்டில் ஒருவன் சலான் மட்டும் வேறு மாதிரி இருந்தது. படத்தில் இருந்தது அவன் வண்டியே இல்லை. நம்பரில் ஓர் எண் மாறிப் பதிவாகியிருக்கிறது. அவன் எப்போதோ கட்டிவிட்டான்.

"ஏன்டா கட்டுன?"

"போலீசு கேட்டா குடுக்கணும்லக்கா."

எங்கப்பா பதில்தான் இது. நாற்பது வருஷத்துக்குப் பிறகு பி.காம். படித்த பிள்ளை வாயில் வருகிறது. இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது என்று இவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஊர்க்கூட்டத்தில் தெண்டம் போடுகிறவனும் அவன்தான், வழக்கைக் கேட்கிறவனும் அவன்தான், காசை வாங்கிக்கொள்கிறவனும் அவன்தான். மேலே போய்ச் சொல்ல இடம் கிடையாது. அரசாங்கம் போடும் அபராதம் அப்படியல்ல. அந்தப் போலீஸ்காரர் எரிச்சலில் சொன்னாலும் சரியாகத்தான் சொன்னார். 'அங்கே' என்று ஓர் இடம் இருக்கிறது. அந்த இடம் நமக்கு எப்போதும் நியாயம் செய்யும் என்று சொல்ல மாட்டேன். செய்யாமல் போனதை நிறையப் பார்த்திருக்கிறோம். ஆனால் போய்க் கேட்காமல் கட்டினால், அபராதத்தை நாமே தெண்டம் ஆக்கிவிடுகிறோம்.

தம்பியிடம்தான் கடைசியில் கேட்டேன். "கட்டணும்னு நீ சொன்னா நாளைக்கே கட்டிர்றேன்" என்றேன். அவன் சிரித்தான். "போலீசாப் போகப்போறவன் கோர்ட்டுக்குப் பயந்தா எப்புடிக்கா? வண்டிய ஓட்டுனது நீ. உன் பேரையே எழுதிக் குடுக்குறேன்" என்றான். அதற்கும் சட்டத்தில் வழி இருக்கிறது. 133ஆம் பிரிவின்படி, கேட்டால் வண்டி யார் கையில் இருந்தது என்று உரிமையாளர் சொல்லியாக வேண்டும். கேட்பதற்கு முன்னாலேயே அவன் எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

நான் ஒரு பக்கத்துக்கு மனு எழுதினேன். சாதியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நாள், நேரம், இடம், பிரிவு, படம். பெட்ரோல் போட்ட ரசீதையும் வைத்து ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பினேன். ஒத்துக்கொண்டால் சரி. இல்லையென்றால் கோர்ட்டில் நின்று, "நான் ஓட்டவில்லை" என்று நானே சொல்வேன். அங்கேயும் தோற்றால் ஆயிரத்தைக் கட்டுவேன், ரசீது வாங்கிக்கொள்வேன். யாரையும் கும்பிட வேண்டியதில்லை.

பதில் இன்னும் வரவில்லை. அம்மாவுக்கு இன்னும் கோபம் தீரவில்லை. காலனியில் மட்டும் ஒரு மாற்றம். சலான் வந்தால் பிள்ளைகள் உடனே காசு புரட்ட ஓடுவதில்லை. முதலில் படத்தைத் திறந்து பெரிதாக்கிப் பார்க்கிறார்கள்.