பண்ணை பார்வையிடல்

எங்கள் ஊர் மாதர் சங்கம் அரசாங்கத்தின் கிராம அபிவிருத்தித் திட்டத்தால் உருவானது என்று சங்கத்தின் ஆண்டு மலர் சொல்கிறது. யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் எந்த ஊர் மலரைப் புரட்டினாலும் ஏறக்குறைய இதே வரிதான். ஊர்ப் பெயர் மட்டும் மாறும். அம்மம்மா அந்தச் சங்கத்தின் தனாதிகாரியாக இருந்தவர். அவரைப் பற்றி வீட்டில் மிஞ்சியிருக்கும் கதைகளில் அபிவிருத்தி எங்குமே இல்லை. பஸ் பிடித்துக் கீரிமலைக்குப் போனது, நயினாதீவுக்கு வள்ளத்தில் போகும்போது பாதிப் பேர் சத்தியெடுத்தது, கொண்டுபோன முட்டைமாவுக்குச் சீனி கூடிவிட்டதென்று இருவர் மாதக்கணக்கில் முகம் பாராமல் இருந்தது என்று எல்லாமே ஊர்சுற்றல்தான். மலரோ இதையெல்லாம் ‘பொழுதுபோக்கு அம்சங்களும் இடம்பெற்றன’ என்று அரை வரியில் முடித்துவிட்டது. அந்த அரை வரிதான் எரிச்சலைக் கிளப்பியது.

பெரியம்மாவைக் கேட்டேன். தொண்ணூறை எட்டிக்கொண்டிருப்பவர். சொன்ன சொல்லிலிருந்து இறங்கிய வரலாறு அவருக்குக் கிடையாது.

“அரசாங்கம் பேந்துதான் வந்தது. எல்லாத்துக்கும் காரணம் கனடாக்கார டொக்டரம்மா. அவதான் பொம்பிளையளைக் கூட்டிவைச்சுக் கதைக்கப் பழக்கினவ. இணுவில் ஆஸ்பத்திரியில இருந்தவ.”

பெயர்?

“அது எனக்கென்னத்துக்கு?”

இணுவில் ஆஸ்பத்திரி என்றால் 1898-இல் மிஷன் திறந்த மக்லியட் வைத்தியசாலை. அங்கே நெடுங்காலம் இருந்த பெண் மருத்துவர் இசபெல்லா கர். அவரோ ஸ்கொட்லாந்துக்காரர். அவர் கையால் பிறந்தவர்கள் என்று பெருமை சொல்லும் குடும்பங்கள் அகப்பட்டன. அவர் மாதர் சங்கம் கூட்டியதாகச் சொல்ல ஒருவரும் அகப்படவில்லை. பெரியம்மாவிடம் திரும்பிப் போய் ஸ்கொட்லாந்து என்றால், “இல்லை, கனடா” என்பார். சரி, அப்படியென்றால் இணுவிலாக இருக்க முடியாதே என்றால், “இணுவில்தான்” என்பார். ஊர், நாடு இரண்டில் ஒன்றையாவது விட்டுக்கொடுங்கள் என்று கெஞ்சியும் பார்த்தாயிற்று. வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு, தேடுகிற எனக்குத்தான் தேடத் தெரியவில்லை என்றார்.

அதுவும் உண்மைதான் போலும். கர் இலங்கைக்கு வந்த கதையை வாசிக்கும்போது பக்கத்திலேயே இன்னொரு பெயர் இருந்தது: டாக்டர் மேரி இர்வின். 1873-இல் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் பிறந்தவர். யாழ்ப்பாணத்து மிஷன் வேலைக்கென்று 1896-இல் கப்பலேறியவர். சாமுவேல் கிறிஸ்மஸ் கனகரத்தினம் என்ற தமிழரை அவர் மணந்திருந்தார். வெள்ளைக்காரப் பெண் உள்ளூர்க்காரரை மணந்ததை மிஷனால் ஏற்க முடியவில்லை. யாழ்ப்பாணத்துக்கு வரவேண்டிய டொக்டர் கொழும்பில் டாக்டர் மேரி ரட்னம் ஆனார். குமாரி ஜயவர்த்தன 1993-இல் இவரைப் பற்றி ஒரு நூலே எழுதியிருக்கிறார். 1937-இல் கொழும்பு மாநகர சபைத் தேர்தலில் வென்றதும், 1958-இல் மக்சேசே விருது பெற்றதும் எல்லோரும் எடுத்துச் சொல்லும் பெருமைகள். எனக்கு வேண்டியது வேறொன்று: 1930-களின் தொடக்கத்தில் அவர் நிறுவிய லங்கா மஹிலா சமித்தி. கிராமத்துப் பெண்கள் கூடிச் சுகாதாரம், வீட்டுத் தோட்டம், நெசவு எல்லாம் கற்றுக்கொள்ளும் அமைப்பு. அதற்கு அவர் எடுத்த முன்மாதிரி தம் பிறந்த மாகாணத்துப் பண்ணைப் பெண்களின் சங்கம்.

இந்த இடத்தில் என் கேள்வி திசைமாறிவிட்டது. எங்கள் சங்கத்தை யார் தொடக்கினார் என்பது சப்பென்றாகி, வீட்டு வேலையைப் போட்டுவிட்டுப் பெண்கள் மாதமொருமுறை வெளியே கிளம்புவதற்கு விதி எழுதியவர் யார் என்பது பெரிதாகிவிட்டது.

1897 பெப்ரவரி. ஒன்ராறியோவில், ஹமில்ட்டனுக்குப் பக்கத்திலுள்ள ஸ்டோனி கிரீக். விவசாயிகள் சங்கத்தின் கூட்டமொன்றில் அடிலெய்ட் ஹூட்லெஸ் என்பவர் 35 பெண்கள் முன்னே பேசுகிறார்: ஆண்களுக்கு ஒரு சங்கம் இருக்கும்போது உங்களுக்கு ஏன் இருக்கக்கூடாது? ஒரு கிழமை கழித்து, 19-ஆந் தேதி, 101 பெண்கள் வந்து சேர்ந்தார்கள். கூடவே ஓர் ஆண், எர்லண்ட் லீ. அவருடைய மனைவி ஜனட் லீ வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருந்து சங்கத்தின் யாப்பை எழுதினார். அந்த வீடு இப்போது அருங்காட்சியகம். ஸ்கார்பரோவில் இருக்கும் தங்கை மகள், ஆயிரக்கணக்கான யாழ்ப்பாணத்தார் குடியிருக்கும் இடத்திலிருந்து காரில் எட்டிப்போகும் தூரத்தில் இப்படி ஒன்று இருப்பது தனக்குத் தெரியவே தெரியாது என்றாள்.

1915-இல் மாட்ஜ் வாட் என்ற இன்னொரு கனடியர் இதே யோசனையை வேல்ஸிலுள்ள லான்வைர்புல் கிராமத்துக்குக் கொண்டுபோனார். பிரித்தானியச் சங்கங்களுக்கு அதுதான் முதல் கூட்டம். உலகப்போர்க் காலம், உணவைப் பெருக்க வேண்டும் என்பது காரணம். 1940-இல் அந்தச் சங்கங்கள் 1,631 தொன் பழப்பாகும் மற்றப் பதனங்களும் செய்து குவித்தன என்பது பெரிய காரியந்தான். ஆனால் கூட்ட ஒழுங்கைப் பாருங்கள்: முதலில் அலுவல், பிறகு செய்முறை அல்லது பேச்சு, பிறகு தேநீர், கடைசியில் அரை மணி நேரம் பாட்டும் விளையாட்டும். அந்த அரை மணி நேரத்துக்கும் நிகழ்ச்சி நிரலில் இடம் இருந்தது. ஜாம் காய்ச்ச வந்தவர்கள் சிரித்துவிட்டும் போனார்கள்.

இலங்கையில் சமித்தி வேலை என்றால் பயணமுந்தான். 1941-இல் சேர்ந்த ஓர் இளம் பெண், நெல் விளைச்சலைக் கூட்டுவது பற்றிக் கிராமத்துப் பெண்களோடு பேச அனுப்பப்பட்டார். பிறகு சமித்தியின் தலைவராகவும் ஆனார். 1960-இல் உலகின் முதல் பெண் பிரதமரும் அவரே: சிறிமாவோ பண்டாரநாயக்க. ஊர் ஊராகப் போய்ப் பெண்கள் நடுவே பாயில் உட்கார்ந்து பேசும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று அரசியல் எழுதுபவர்கள் அவ்வளவாகக் கேட்பதில்லை.

எங்கள் சங்கத்தின் பழைய புத்தகங்கள் 1995 போர்க்கால இடப்பெயர்வோடு போயின. ஒன்று மட்டும் பெரியம்மாவின் றங்குப் பெட்டிக்குள், சேலைகளின் அடியில் கிடந்தது. இத்தனை நாளும் அதைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. அம்மம்மாவின் கையெழுத்தில் கூட்ட ஒழுங்கு: தேவாரம், அறிக்கை வாசிப்பு, செய்முறை, தேநீர், பாட்டு. இதை வைத்து நீதிமன்றத்தில் வழக்கு வெல்ல முடியாது. எனக்குப் போதும்.

அதே புத்தகத்தின் நடுப்பகுதியில் சிவப்பு மையில் ஒரு குறிப்பு. கணக்குப் பார்க்க வந்த உத்தியோகத்தர் எழுதியது: சங்கப் பணத்தை உல்லாசப் பயணங்களுக்குச் செலவிடலாகாது. கீழே தலைவியின் கையொப்பம், பணிவாக. அடுத்த மாத அறிக்கையில் ‘விவசாயப் பண்ணை பார்வையிடல்’ என்று ஒரு பயணம் பதிவாகியிருக்கிறது. அதற்கான செலவு: பஸ் வாடகை, சோற்றுப் பார்சல், தேங்காய், கற்பூரம், கீரிமலையில் அருச்சனை.