உம்மாவின் அளவுக் கொப்பி

எங்கள் வீட்டில் ஓர் அளவுக் கொப்பி இருக்கிறது. மட்டை கழன்று, உம்மா நூலால் தைத்து வைத்திருக்கும் கொப்பி. ஊரில் எத்தனையோ பெண்களின் தோளும் கையும் நெஞ்சும் அதில் எண்களாகக் கிடக்கின்றன. உம்மா பதினைந்து வருடமாக அபாயாவும் சல்வாரும் தைக்கிறார். நோன்பு இருபது தாண்டினால் எங்கள் கட்டிலில் படுக்க இடமிருக்காது, எல்லாம் துணிதான்.

நான் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு மாணவி. கணினியில் வடிவமைப்பது பற்றிப் படித்தபோது ‘பரமானம்’ என்ற சொல் வந்தது. ஒரு பொருளை வரையும்போது நீளம் 36 என்று எண்ணாகப் போடாமல், அதற்கு ஒரு பெயர் வைத்து, மற்றப் பகுதிகளை அந்தப் பெயரோடு சமன்பாட்டால் கட்டிவிடுவது. பிறகு ஓர் எண்ணை மாற்றினால் முழுப் படமும் தானாக மாறும். 1963 இல் ஐவன் சதர்லாந்து என்பவர் அமெரிக்காவில் தன் கலாநிதிப் பட்டத்துக்காகச் செய்த ‘ஸ்கெச்பாட்’ மென்பொருளிலேயே இதன் வேர் இருக்கிறது. இரண்டு கோடுகள் சமாந்தரமாக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டால், படத்தை எப்படி இழுத்தாலும் கணினி அதைக் காப்பாற்றியது.

உம்மா வெட்டுவதும் இப்படித்தான். நெஞ்சு 36 அங்குலம் என்றால் நாலிலொன்று 9, தளர்வுக்கு 1½, தையலுக்கு 1. ஆக 11½ இல் சோக்கட்டியால் கோடு விழும். நெஞ்சு 40 என்றால் 12½. கழுத்தின் அகலம் நெஞ்சில் பன்னிரண்டில் ஒன்று. இவை சமன்பாடுகள் என்று உம்மாவிடம் சொன்னேன். “கணக்குல நான் பெயில் புள்ள” என்று சிரித்தார்.

ஆடைக்கென்றே இப்படி மாதிரித்தாள் வரையும் இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. ‘வலென்டினா’ அவற்றில் ஒன்று. அதில் உம்மாவின் விதிகளை ஒவ்வொன்றாக எழுதத் தொடங்கினேன். முதலில் எல்லாம் இலகுவாகப் போனது. கழுத்தில்தான் நின்றது. 48 அங்குல நெஞ்சுக்குக் கணினி 4 அங்குலக் கழுத்து போட்டது. உம்மா திரையைப் பார்த்தவுடனே, “தோளால வழிஞ்சிரும். உடம்பு பெருத்தா கழுத்து அவ்வளவு பெருக்காது. மூன்றரையோட நிப்பாட்டு” என்றார். அதையும் ஒரு நிபந்தனையாக எழுதினேன். வலது தோள் தாழ்ந்த ஒரு ராத்தா உம்மாவிடம் தைப்பிப்பார். அவருக்காக இடம் வேறு, வலம் வேறு என்று இரண்டு பரமானங்கள் வைத்தேன். துணி கழுவினால் எவ்வளவு ஏறும் என்பதும் ஒரு பரமானமாயிற்று. இவற்றில் ஒன்றும் என் பாடப்புத்தகத்தில் இல்லை.

மாதிரித்தாளை ஏ4 தாள்களில் அச்சிட்டு, ஓரங்களைப் பொருத்தி ஒட்டினோம். அளவு கொடுத்து வரைவது சில நொடி. ஒட்டுவதற்குத்தான் அஸரிலிருந்து மஃரிப் வரை எடுத்தது! பெரிய தொழிற்சாலைகளில் இந்தத் தொல்லை இல்லை. கணினியில் இருக்கும் வடிவத்தை இயந்திரமே துணியில் வெட்டிவிடும்.

ஒட்டி முடித்த தாளைச் சுருட்டிக்கொண்டே உம்மா கேட்டார்: “அளவைக் குடுத்தா இது வெட்டித் தரும் என்டா, ஆக்கள் என்னத்துக்கு என்னட்ட வாற?”

எனக்கு உடனே பதில் வரவில்லை. கடைத்தெருவில் ஆயத்த அபாயாக்கள் வந்து குவிந்த பிறகு உம்மாவுக்கு வரும் தையல் குறைந்துதான் இருக்கிறது. இப்போது மகளும் ஒரு மென்பொருளோடு வந்து நின்றால்?

பிறகு லீவைஸ் கம்பனியின் கதையை வாசித்தேன். 1994 இல் பெண்களின் அளவைக் கடையில் எடுத்து, கணினிக்கு அனுப்பி, ஒவ்வொருவருக்கும் தனித்தனி ஜீன்ஸ் வெட்டித் தரத் தொடங்கினார்கள். 2003 உடன் அது நின்றுபோனது. அவ்வளவு பெரிய கம்பனியே விட்ட வேலையை எங்கள் ஊர் உம்மாமார் முன்வீட்டுத் திண்ணையில் இன்னும் செய்துகொண்டிருக்கிறார்கள். ஆளுக்கேற்றபடி தைப்பதை யாரோ வெளியிலிருந்து வந்து எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வெட்டும் நேரம் குறைந்தால் பெருநாளைக்கு இன்னும் பத்துச் சட்டை கூடுதலாக எடுக்கலாம் என்பதும் உண்மைதான். ஆனால் அந்தக் கோப்பு யார் கையில் இருக்கும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. உம்மாவின் மூன்றரை அங்குலத்தை ஒரு தடவை எழுதிவிட்டால், அதைப் பிரதி எடுக்க ஒரு நிமிடம் போதும்.

இதை உம்மாவிடம் மறைக்காமல் சொன்னேன். இரண்டு நாள் ஒன்றும் பேசவில்லை. மூன்றாம் நாள் கொப்பியை என்னிடம் தந்து, “சல்வார் மட்டும் எழுது. கல்யாணச் சட்டைப் பக்கம் இப்ப வேணாம்” என்றார். அந்தப் பக்கங்களை ஓர் ஊசியால் குத்தி மூடி வைத்திருந்தார்.

சல்வார் முடிந்துவிட்டது. ஊசி இன்னும் அப்படியே இருக்கிறது.