சொட்டும் இடமும் ஊறும் இடமும்

எண்ணெய்க்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு. தான் வெளியேறிய இடத்தில் அது முகங்காட்டுவதில்லை. எஞ்சினின் மேற்புறத்தில் ஊறும் எண்ணெய் பக்கவாட்டில் வழிந்து, வண்டி ஓடும்போது எழும் காற்றினால் பின்னோக்கித் தள்ளப்பட்டு, எல்லாவற்றுக்கும் கீழேயுள்ள ஏதோ ஒரு போல்ட்டின் நுனியில் வந்து தொங்கும். பார்ப்பவர் அந்தப் போல்ட்டையே குற்றவாளி என்று கருதி முறுக்குவார். மறுநாளும் எண்ணெய் சொட்டும். ஒழுக்குத் திருத்தங்களிற் பல பயனின்றிப் போவது இதனால்தான்.

இவ்வுண்மையை நாம் நூலிலே கற்கவில்லை. சம்மாந்துறையிலே ஒரு கராஜில் இரண்டு நாள் நின்று கற்றோம்.

எம் அயலவர் ஒருவருக்குப் பழைய ஜப்பானிய டீசல் வான் ஒன்று உண்டு. சொறிக்கல்முனையிலிருந்து கல்முனைக்கு எம்மையும் பன்னிரண்டு மாணவரையும் நாள்தோறும் ஏற்றிச் செல்வது அதுவே. செப்ரெம்பரில் திருச்சிலுவைத் திருத்தலப் பெருவிழா வந்தால் யாத்திரிகரையும் ஏற்றும். அவருடைய குடும்பத்தின் அடுப்பு எரிவது அந்த எஞ்சின் ஓடுவதனால்தான். சென்ற ஆண்டு விழா முடிந்த கையோடு வானின் கீழ் எண்ணெய் சொட்டத் தொடங்கிற்று.

சொட்டுத்தானே என்று அலட்சியம் செய்வோர் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தல் வேண்டும். ஐந்து விநாடிக்கு ஒரு துளி. நாளொன்றுக்கு இரண்டு மணி நேர ஓட்டம். ஆயின் 1,440 துளிகள். முப்பது துளி ஒரு மில்லிலீற்றர் என்று கொண்டால் 48 மில்லிலீற்றர். இருபத்தைந்து நாளில் 1,200 மில்லிலீற்றர்! சிறு துளி பெருவெள்ளம் என்னும் பழமொழி சேமிப்பவருக்கு மட்டுமன்று, இழப்பவருக்கும் பொருந்தும் அன்றோ?

இழப்பு பணத்தோடு நிற்பதுமில்லை. எண்ணெய் குறைந்த எஞ்சினில் இரும்பும் இரும்பும் உராய்ந்து தேயும். ஒழுகும் எண்ணெய் கிளச்சுத் தட்டிற் பட்டால் அது வழுக்கும். எஞ்சின் இரைந்தும் வண்டி நகராது. மாரி காலத்தில் கிட்டங்கித் தாம்போதியின் மேலாக வெள்ளம் பாய்ந்து போக்குவரத்துத் தடைப்பட்டமை பலமுறை நிகழ்ந்ததே. அவ்வெள்ளம் ஏறிவரும் வேளையில், பிள்ளைகள் நிறைந்த வண்டி நடுவழியில் நின்றுவிட்டால் என்னாவது? பெற்றோரின் கவலை அதுவாகவே இருந்தது.

வயலின் கவலையும் உண்டு. கல்லோயாத் திட்டம் 1949 இல் தொடங்கியது முதல் இப்பகுதி வயல்களின் வாழ்வு சேனநாயக்க சமுத்திரத்து நீரோடு பிணைந்தது. தெருவிற் சொட்டும் எண்ணெய் மழையோடு வாய்க்காலுக்கும், வாய்க்காலிலிருந்து வயலுக்கும் போகும். பெஞ்சமின் பிராங்கிளின் இலண்டனை அடுத்த கிளாப்பம் என்னும் இடத்துக் குளமொன்றில் ஒரு தேக்கரண்டி எண்ணெயை விட்டுப் பார்த்தார். அது ஏறத்தாழ அரை ஏக்கர் நீர்ப்பரப்பைக் கண்ணாடிபோல் அமைதியாக்கியது என்று 1774 இல் வெளியான கட்டுரையில் எழுதினார். ஒரு தேக்கரண்டி அத்துணைப் பரவுமாயின், கரியும் உலோகத் துகளும் கலந்த எஞ்சின் எண்ணெய் ஒரு லீற்றர் எவ்வளவு பரவும் என்பதை மாணவர் எண்ணிப் பார்க்கட்டும்.

வானுடையவருக்கு ஆலோசனை கூற ஆட்களுக்குக் குறைவில்லை. குறையக் குறைய ஊற்றி ஓடு என்றார் ஒருவர். பசையைப் பூசி அடைத்துவிடு என்றார் மற்றொருவர். விற்றுவிட்டு வேறு வாங்கு என்றார் மூன்றாமவர். விற்பது எளிது, வாங்குவதோ? 2020 மார்ச்சில் எம் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022 இல் எரிபொருளுக்கு வரிசையில் நின்ற நாள்களை எவரும் மறந்திரார். 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதிக்கு மீண்டும் வழி திறந்தபோது, அதனுடன் வரிச்சுமையும் சேர்ந்தே வந்தது. பன்னிரண்டு பிள்ளைகளின் மாதக் கட்டணத்தில் வாழ்பவர் புதிய வானைக் கனவிலே காணலாம். ஆகவே உள்ளதைத் திருத்துவதே வழி என்று முடிவாயிற்று. விடுமுறை நாளாகையால் நாமும் உடன் சென்றோம்.

கராஜ்காரர் அறுபதை அண்டிய முஸ்லிம் பெரியவர். எல்லாருக்கும் அவர் ‘காக்கா’. வானின் கீழே படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தவர், “சேர், சொட்டுற இடம் வேற, ஊறுற இடம் வேற. முதல்ல கழுவுவம்” என்றார்.

கழுவிக் காயவிட்ட எஞ்சினின் மீது குழந்தைகளுக்குப் பூசும் பவுடரைத் தூவினார். பிறகு வண்டியைச் சிறிது தூரம் ஓட்டி வந்து பார்த்தார். வெண்மையான பவுடரில் எண்ணெய் தன் பாதையைத் தானே கறுப்புக் கோடாக எழுதியிருந்தது. ஒரு கோடு எஞ்சினின் மேல்மூடியிலிருந்து இறங்கிற்று. மற்றொன்று அடியிலுள்ள எண்ணெய்த் தட்டில், அதாவது ‘சம்ப்’பின் பின்விளிம்பில், தொடங்கிற்று. பின்புற ஒயில் சீல் உலர்ந்தே இருந்தது. அது பழுதாகியிருப்பின் கியர் பெட்டியையே கழற்ற நேர்ந்திருக்கும். பலர் ஆராயாமலே அதைத்தான் முதலிற் கழற்றுவார்கள்.

அத்துடன் அவர் நிற்கவில்லை. இரண்டிடத்தில் ஒருங்கே ஏன் ஒழுகவேண்டும் என்று கேட்டார். எரிந்த வாயுவிற் சிறுபகுதி பிஸ்டன் வளையங்களைக் கடந்து எஞ்சினின் அடிப்பகுதிக்கு இறங்குவது இயல்பு. அது வெளியேறுவதற்கு ஒரு காற்றுக் குழாய் உண்டு. இந்த வானில் அக்குழாய் கரியேறி அடைபட்டிருந்தது. வெளியேற வழியற்ற வாயு உள்ளே அழுத்தம் கொண்டு, வெப்பத்தால் இறுகிப்போன காஸ்கட்டுகளின் இடுக்கு வழியே எண்ணெயைப் பிதுக்கிற்று. நோயின் வேர் அந்தச் சிறு குழாயிலே இருந்தது.

குழாயைத் துப்புரவாக்குவதும் மேல்மூடியின் காஸ்கட்டை மாற்றுவதும் எளிய வேலை. சம்ப்தான் அரிது. இத்தகைய வான்களில் எஞ்சின் முன் ஆசனங்களின் கீழே அமர்ந்திருக்கும். 1950 இல் வெளிவந்த வொல்க்ஸ்வாகன் வானில் எஞ்சின் பின்புறம் இருந்தமையால் அதனைக் கீழே இறக்கி எடுப்பர். எம் வானிலோ சம்ப்புக்கு நேர் கீழே முன்சக்கரங்களைத் தாங்கும் குறுக்குச் சட்டம் கிடந்தது. போல்ட்டுகளைக் கழற்றினாலும் சம்ப் வெளியே வராது. எனவே எஞ்சினைத்தான் உயர்த்த வேண்டும்.

முதலிற் பற்றரியின் வயரைக் கழற்றினர்; எண்ணெயை வடித்தனர்; ஆசனங்களையும் எஞ்சின் மூடியையும் அகற்றினர். புகைக் குழாயைப் பிரித்தனர். மேலே எழும்பும் விசிறி ரேடியேற்றரைக் கிழித்துவிடாதபடி அதன் கூட்டையும் எடுத்தனர். முன்கதவுகள் இரண்டையும் திறந்து குறுக்கே கனத்த இரும்புக் குழாயொன்றைச் செலுத்தி, வெளியே இருபுறமும் தாங்கிகளில் நிறுத்தினர். தூக்குவதற்கென்றே எஞ்சினில் அமைந்த இரும்புக் காதுகளிற் சங்கிலியை மாட்டினர். எஞ்சினைத் தாங்கும் றப்பர்த் தாங்கிகளின் நட்டுகளைக் கழற்றிய பின்னர், காக்கா செயின் புளொக்கை மெல்ல மெல்ல இழுத்தார்.

ஏறத்தாழ மூன்று மூட்டை நெல்லின் கனமுள்ள இரும்பு, அங்குலம் அங்குலமாக எழுந்தது. ஒவ்வோர் அங்குலத்துக்கும் நிறுத்தி, குழாயோ வயரோ இழுபடுகின்றதா என்று கையால் தடவிப் பார்த்தார். மூன்று அங்குலம் எழுந்ததும் தாங்கிகளின் இடையே முதிரைக் கட்டைகளைச் செருகினார். உதவிக்கு நின்ற இளைஞன் உடனே கீழே நுழைய முற்பட்டபோது அவர் தடுத்து, “சங்கிலிய நம்பாத மகன். கட்டையில பாரம் இறங்கினாப் பொறகுதான் கைய வைக்கணும்” என்றார். எத்தனை பாடசாலை ஆய்வுகூடங்களில் இவ்வளவு கவனத்தைக் காண்கிறோம்!

கழற்றியெடுத்த சம்ப்பின் விளிம்பு, முன்னர் யாரோ அளவு கடந்து முறுக்கியதால் போல்ட்டுத் துளைகளைச் சுற்றி வளைந்திருந்தது. அதைச் சமனான இரும்பின் மேல் வைத்துத் தட்டி நேராக்கினார். பழைய காஸ்கட்டைச் சுரண்டித் துடைத்தார். பசையை மிக மெல்லியதாகவே இட்டார். மிகுந்த பசை உள்ளே உதிர்ந்து எண்ணெய் உறிஞ்சும் வலையை அடைத்து எஞ்சினையே அழித்துவிடும் என்றார். போல்ட்டுகளை நடுவிலிருந்து இருபுறமாக, சிறிது சிறிதாகவே இறுக்கினார். பசை காய இரவு முழுவதும் விட்டார்.

மறுநாள் புது எண்ணெய் ஊற்றி ஓட்டினர். அன்றிரவு வானின் கீழே விரித்த பழைய பத்திரிகைத் தாள், விடியும்போது விரித்தபடியே உலர்ந்து கிடந்தது. மழை பிடிக்குமுன் வேலை முடிந்ததில் பெற்றோர் பெற்ற ஆறுதல் சொல்லுந்தரமன்று. வானுடையவர் கொடுத்த கூலியில் மிகப் பெரும்பங்கு, சில நூறு ரூபாய்க் காஸ்கட்டுக்காக அன்று. அதனை அடைவதற்குப் பட்ட பாட்டுக்காகவே.

நாம் இதனை எழுதுவது மாணவரை நோக்கியே. கராஜிலே கரிபடிந்த கையுடன் நிற்பவர் படிப்பில் தோற்றவர் என்னும் எண்ணம் எம்மிடையே வேரூன்றியிருக்கிறது. கழுவிப் பார்த்தல், சுவடு காணல், ஐயுற்றதைச் சோதித்து விலக்கல், காரணத்தின் காரணத்தைக் கேட்டல்: இவைதாமே நாம் வகுப்பறையிலே விஞ்ஞான முறை என்று கரும்பலகையில் எழுதுவன? எழுதுவது எளிது. மூன்று அங்குலம் உயர்த்துவதற்கு முழுநாளும் உழைக்கும் பொறுமை வேண்டும்.

வண்டி வைத்திருக்கும் குடும்பத்தாருக்கும் ஒரு சொல். வாரத்துக்கு ஒருமுறை எண்ணெயின் அளவைப் பாருங்கள். வண்டியின் கீழே தாளை விரித்துப் பாருங்கள். கறை தெரிந்தால், சொட்டும் இடத்தை உடனே அடைக்கச் சொல்லாதீர்கள். ஊறும் இடம் எது என்று முதலிற் கேளுங்கள். விடை சொல்லத் தெரிந்தவரிடமே வண்டியைக் கொடுங்கள்.