பீற்றர் வீதி, இலக்கம் 129

பீற்றர் வீதியும் ரிச்மண்ட் வீதியும் சந்திக்கிற மூலை. ரொறன்ரோவின் நடு நகரம். வீடில்லாதவர்களுக்குப் படுக்கை தேடிக் கொடுக்கும் நகரசபை அலுவலகம் அங்கேதான்.

2023 கோடையில் அதற்கு வெளியே, நடைபாதையில், ஆட்கள் கிழமைக்கணக்காகப் படுத்திருந்தார்கள். கூடுதலாக ஆபிரிக்கர்கள். உகண்டா, கென்யா, நைஜீரியா, எதியோப்பியா.

சூட்கேஸ்கள். என் கண் அதிலேயே நின்றது. சில்லுப் பூட்டியவை. சிலது புத்தம் புதிது. பிடியில் விமான நிலையத்தில் ஒட்டிய தாள் இன்னும் கிழிபடாமல்.

ஒரு பெட்டிக்கு 23 கிலோ. திரும்பிப் போகமுடியாது என்று தெரிந்தவர் அதற்குள் எதை வைப்பார்?

அந்த ஆண்டு ஜூன் 1 முதல் என்று நகரசபை அறிவித்த புதிய நடைமுறை. அகதிக் கோரிக்கை வைத்தவர்களுக்குப் பொதுப் படுக்கை கிடையாது. அவர்களுக்கென்று ஒதுக்கியவை நிரம்பிவிட்டால் மத்திய அரசிடம் கேட்கச் சொல்வது. மத்திய அரசின் தொலைபேசியில் படுக்கை இல்லை.

போன் சார்ஜ் செய்ய இடம் தேடி அலைந்தார்கள். படுக்கை கேட்பதும் போனில்தான். சட்டத்தரணி கூப்பிடுவதும் போனில்தான். சாப்பாடு கொண்டுவந்தவர்கள் நிறையப் பேர். ஒரு நீட்டு வயர் கொண்டுவந்த மனிதரை மறக்கமாட்டேன்.

ஜூலை நடுவில் மழை.

நோர்த் யோர்க்கில் இரண்டு தேவாலயங்கள் இடம் கொடுத்தன. ரிவைவல்ரைம் ரபர்னக்கிள். டொமினியன் சேர்ச். இரண்டும் கறுப்பினச் சபைகள். ஆராதனை மண்டபத் தரையில் மெத்தைகள்.

தேவாலயம் கட்டும்போது கழிப்பறை கட்டுவார்கள். குளிக்க இடம் எதற்குக் கட்டப்போகிறார்கள்?

தண்ணீர் பில் சபையின் பெயருக்குத்தான் வரும். மின்சார பில்லும்.

ஞாயிறு காலை மெத்தைகளை எங்கே அடுக்குவார்கள்?

ஜூலை 12. ஒலிவியா சோ மேயராகப் பதவியேற்றார். ஹொங்கொங்கிலிருந்து 13 வயதில் வந்தவர். ஜூலை 18. மத்திய அரசு ரொறன்ரோவுக்கு 97 மில்லியன் டொலர் அறிவித்தது. பணம் இருந்திருக்கிறது.

இவர்களின் கோரிக்கையை இன்று விசாரிக்கும் முறைக்குத் தொடக்கம் 1985 ஏப்ரல் 4. சிங் வழக்கு. கனடா உச்ச நீதிமன்றம்.

அதற்கு முன் அகதிக் கோரிக்கையை எப்படித் தீர்த்தார்கள் என்பதை எழுதிவைக்கவேண்டும். அதிகாரி ஒருவர் கேள்வி கேட்பார். பதிலைத் தட்டச்சு செய்வார்கள். அந்தத் தாள்கள் ஒட்டாவாவுக்குப் போகும். அங்கே ஒரு குழு வாசித்து ஆலோசனை சொல்லும். அதன்மேல் முடிவு. முடிவெடுத்தவர் கோரிக்கையாளரின் முகத்தைக் கண்டதேயில்லை.

நீதிமன்றம் சொன்னது: இந்த மண்ணில் கால் வைத்த எவருக்கும் உரிமைச் சாசனம் பொருந்தும். சொல்வதை நம்புவதா இல்லையா என்பதுதான் பிரச்சினை என்றால் அவரை நேரில் கேட்கவேண்டும்.

வழக்குப் போட்டவர்கள் ஏழு பேர். இன்று ஸ்காபரோவில் கேஸ் வென்று கடை வைத்து, பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிய தமிழரில் எத்தனை பேருக்கு அந்த ஏழு பேரைத் தெரியும்? ஏப்ரல் 4 இங்கே அகதிகள் உரிமை நாள். எங்கள் நாட்காட்டிகளில் அமாவாசை இருக்கிறது. ஏகாதசி இருக்கிறது. இது இல்லை. இருக்கவேண்டும்.

கோரிக்கைகளை விசாரிக்கும் குடிவரவு அகதிகள் சபை வேலை தொடங்கியது 1989 ஜனவரி 1. அன்றிலிருந்துதான் ‘ஹியரிங்’, அந்த நேரடி விசாரணை, எங்கள் வீட்டுச் சொல்.

ஹியரிங் இப்போது பெரும்பாலும் திரையில். முதலில் கேட்பார்கள், அறையில் வேறு யாரும் இருக்கிறார்களா என்று. தங்குமிடத்தில் நான்கு பேர் படுக்கும் அறை. வேறு யாரும் இல்லாத அறைக்கு எங்கே போவது?

அதனால் உதவி அமைப்புகள் ஒரு சின்ன அறை வைத்திருக்கின்றன. கதவு, கணினி, ஒரு ரிஷ்யூப் பெட்டி, தண்ணீர்ப் போத்தல். அந்த அறையின் வாடகைக்கு நிதி கேட்டு எழுதும் விண்ணப்பத்தில் அதை எந்தத் தலைப்பில் போடுவது என்று ஒரு அக்கா மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்.

உரைபெயர்ப்பாளர் ‘நான்’ என்றுதான் பேசவேண்டும். என்னை அடித்தார்கள். என் மகனைக் கொண்டுபோனார்கள். நாள் முழுக்க. மற்றவருடைய ‘நான்’.

திகதிகள். எல்லாக் கேள்வியும் திகதியில் போய் நிற்கும். படிவத்தில் ஒன்று, விசாரணையில் வேறொன்று என்றால் நம்பகத்தன்மை போச்சு.

எங்கள் ஊர்க்காரர் காலத்தைச் சொல்லும் விதம்: நல்லூர் கொடியேறி மூன்றாம் நாள். சின்னவன் பிறந்து முப்பத்தொன்று கழிச்ச கிழமை. இடம்பெயர்ந்த பிறகு வந்த முதல் மழை.

1995 ஒக்ரோபர் 30 மட்டும் எல்லோருக்கும் தெரியும். யாழ்ப்பாணத்தின் வலிகாமமே இடம்பெயர எழும்பி நடந்த இரவு.

உகண்டாக்காரர் எதை வைத்துக் காலம் சொல்வார்? ஒருவரைக் கேட்டேன். பள்ளிக்கூடத் தவணை, மழைக்காலம், அண்ணனின் கல்யாணம் என்றார். பக்கத்தில் உட்கார்ந்து அதை மாதமும் ஆண்டுமாக மாற்ற ஒரு பின்னேரம் முழுவதும் போனது. சட்டத்தரணிக்கு அந்தப் பின்னேரம் கிடையாது.

ஜார்விஸ் வீதியில் சித்திரவதைக்கு உள்ளானவர்களுக்கான நிலையம். 1977 முதல். தொடங்கியவர்கள் மருத்துவர்கள். முதலில் வந்தவர்கள் சிலி நாட்டவர்.

அடிபட்டவரின் ஞாபகம் திகதிவாரியாக அடுக்கி இருக்காது. மருத்துவர்கள் இதைக் கடிதத்தில் எழுதிக் கொடுக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் புதிதாக. ஒவ்வொரு முறையும் முதலில் இருந்து.

733 டொலர். ஒன்ராறியோவில் உதவிப்பணத்தில் வாழும் தனி ஆளுக்கு மாதம் ஒன்றுக்கு. அதில் வாடகைக்கென்று 390. படுக்கை அறை ஒன்றுள்ள அபார்ட்மென்ற் 2,000க்கு மேல்.

முதல் மாத வாடகையும் கடைசி மாத வாடகையும் முன்கூட்டியே. உள்ளே போகும் முன்பே வெளியேறும் மாதத்துக்குக் கட்டவேண்டும்.

கடன் வரலாறும் கேட்பார்கள். வந்து ஆறு கிழமை ஆனவரிடம்.

9இல் தொடங்கும் சமூகக் காப்புறுதி இலக்கம். அதற்குக் காலாவதித் திகதி உண்டு. வேலை கொடுப்பவர் முதல் இலக்கத்தைப் பார்த்ததும் தெரிந்துகொள்வார். முகத்தில் தெரியும்.

செயின்ற் ஜேம்ஸ் ரவுன், 1980கள். ஒரு அபார்ட்மென்றில் எங்கள் பெடியன்கள் பலர். இரவு வேலைக்குப் போனவன் வர, பகல் வேலைக்காரன் எழும்பிப் போவான். மெத்தைச் சூடு ஆறாது. அதைப் பெருமையாகச் சொல்லுகிற அண்ணைமார் இன்றும் இருக்கிறார்கள். பெருமைப்படவேண்டியதுதான்.

மார்க்கம் வீதியில் தமிழ்க்கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்தது: அடித்தள அறை வாடகைக்கு. வேலைக் கடிதம் அவசியம்.

எங்களவர் வந்தது எப்படி? 1986 ஓகஸ்ட் 11. நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகள். 155 தமிழர். பனிப்புகார். கண்டவர் கஸ் டால்ரன், மீன்பிடிப் படகுக் கப்பித்தான்.

இந்தியாவிலிருந்து வந்தோம் என்றார்கள். மேற்கு ஜெர்மனியிலிருந்து என்று பிறகு தெரிந்தது. நாடு முழுக்கக் கோபம். பொய்யர், திருப்பி அனுப்பு என்றார்கள். அரசாங்கம் தங்கவும் வேலை செய்யவும் ஓராண்டு அனுமதி கொடுத்தது.

அதே ஆண்டு ஐநாவின் நான்சன் பதக்கம் கனடா மக்களுக்கு. ஒரு நாட்டு மக்கள் எல்லோருக்குமாகச் சேர்த்து. திருப்பி அனுப்பு என்று எழுதியவர்களுக்கும் அதில் பங்கு.

2016இல், 30 ஆண்டு கழித்து, அந்தப் படகுகளில் வந்த சிலர் நியூபவுண்ட்லாந்துக்குப் போய் டால்ரனைக் கண்டார்கள்.

‘இவங்கள் வரிசை தாண்டி வாறாங்கள்.’ நடைபாதையில் படுத்தவர்களைப் பற்றி. சொன்னவர் தமிழர். சொன்ன இடம் ஒரு பிறந்தநாள் விழா. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் தலையாட்டினார்கள். வீட்டுக்கு வந்தும் நெஞ்சு எரிந்தது. இதை எழுதும்போதும் எரிகிறது.

2010 ஓகஸ்ட் 13. சன் சீ கப்பல், பிரிட்டிஷ் கொலம்பியா. 492 தமிழர். தடுப்பில் வைத்தபோது ஆளுக்கு ஒரு இலக்கம்.

உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் பெயரே அதுதான்: பி010. 2015 நவம்பர் 27.

அந்த இலக்கத்துக்கு உரியவர்மேல் குற்றச்சாட்டு: ஆட்கடத்தலில் பங்கு. செய்தது என்ன? கப்பலின் இயந்திர அறையில் முறை வைத்து வெப்பமும் எண்ணெயும் தண்ணீரும் பார்த்தார். பி306 என்பவர் சமைத்தார். மற்றக் கப்பல்கள் வருகின்றனவா என்று பார்த்திருந்தார். கைமாறு, கொஞ்சம் நல்ல சாப்பாடு.

தப்பி ஓடுபவர்கள் ஒருவருக்கொருவர் செய்யும் உதவி ஆட்கடத்தல் ஆகாது என்று நீதிமன்றம் சொல்ல ஐந்து ஆண்டு ஆனது. ஐந்து ஆண்டு, சமைத்ததற்கு.

2012. அகதிகளின் மருத்துவச் செலவை மத்திய அரசு வெட்டியது. வெள்ளைக் கோட்டுடன் மருத்துவர்கள் தெருவுக்கு வந்தார்கள். 2014இல் சமஷ்டி நீதிமன்றம் அந்த வெட்டைக் கொடூரமானது என்றது. 2016இல் முழுவதும் திரும்பக் கிடைத்தது. இடையில் நான்கு ஆண்டு. நோய் நான்கு ஆண்டு காத்திருக்காது.

2019. அகதி வழக்குகளுக்கான இலவச சட்ட உதவிக்குத் தன் நிதியை மாகாணம் நிறுத்தியது. சில மாதத்தில் மத்திய அரசு 25.7 மில்லியன் டொலர் கொடுத்தது. அந்தச் சில மாதத்தில் சட்டத்தரணி இல்லாமல் நின்றவர்கள் இருப்பார்கள்.

ஓக்வூட் அவெனியூவில் எஃப்.சி.ஜே. அகதிகள் நிலையம். அதை வளர்த்தெடுத்த லோலி ரிக்கோவும் பிரான்சிஸ்கோவும் 1990இல் எல் சல்வடோரிலிருந்து அகதிகளாக வந்த தம்பதி.

அகதிகளைத் தங்கவைக்கும் ரொமேரோ ஹவுஸ். மேரி ஜோ லெடி தொடங்கியது. உதவி செய்ய வரும் இளையவர்கள் அகதிக் குடும்பங்களோடு அதே வீடுகளிலேயே குடியிருக்கவேண்டும். ஒரே சமையலறை மணம். ஐந்து மணிக்கு வேலை முடிந்தது என்று எழும்பிப் போகமுடியாது.

2013 பெப்ரவரி. ரொறன்ரோ நகரசபைத் தீர்மானம்: குடிவரவு நிலை என்ன என்று கேட்காமல் எல்லோருக்கும் சேவை. கனடாவில் முதல் நகரம்.

2024 டிசம்பர். நகரசபைமேல் வரும் முறைப்பாடுகளை விசாரிக்கும் ஒம்புட்ஸ்மனின் அறிக்கை. அகதிக் கோரிக்கையாளருக்குப் படுக்கை மறுத்த முடிவு நியாயமற்றது, அது கறுப்பின மக்களுக்கு எதிரான இனவாதம் என்றது. நகர நிர்வாகம் உடன்படவில்லை.

அறிக்கையை அச்செடுத்து வைத்திருக்கிறேன். ஓரங்களில் பென்சில் குறிப்பு. அடுத்த நகரசபைக் குழுக் கூட்டத்தில் பேசப் பெயர் கொடுக்கவேண்டும். ஆளுக்குச் சில நிமிடங்கள்தான் தருவார்கள். எழுதிவைத்து வாசிப்பது நல்லது. தமிழர் சிலரையும் கூட்டிப் போகவேண்டும், பிறந்தநாள் விழாவில் தலையாட்டியவர்கள் உட்பட.

வந்தவர்களுக்கு அடுத்த கிழமைக்குத் தேவை: ஆண்களுக்கான பனிச் சப்பாத்து, 10, 11 அளவு. சின்ன அளவுகள் வேண்டுமளவுக்குக் கிடக்கின்றன. பிரெஸ்ரோ ரிக்கற். ஹியரிங் நாளில் இரண்டு வயதுப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒருவர், காலை எட்டிலிருந்து. சுவாஹிலி தெரிந்தால் நல்லது.