ஆலை எருவில் விளைந்த கத்திரி

படாளத்தில் இருக்கிற மதுராந்தகம் கூட்டுறவு சர்க்கரை ஆலையில் அரவை தொடங்கிவிட்டால், பாகும் புளிப்பும் கலந்த வாடை ஊரெல்லாம் மிதக்கும். கரும்பு வண்டிக்குப் பின்னால் ஓடி ஒரு கழி உருவுவது எங்கள் விளையாட்டு. அந்த ஆலையிலிருந்து கேட்டு வாங்கி வந்தது என்றால் பள்ளித் தோட்டத்துக்கு இறங்கிய பிரஸ்மட்தான். சாற்றைத் தெளியவைத்து வடிகட்டியபின் மிஞ்சுகிற கறுத்த கசடு. மார்கழிக் காலையில் மண்வெட்டியால் கொத்தினால் குவியலுக்குள்ளிருந்து ஆவி கிளம்பும். செருப்பில்லாத கால்களை அதில் புதைத்துக்கொண்டு குளிர் காய்வோம். சூடு ஆறாமல் பாத்தியில் போட்டால் நாற்று வெந்துபோகும் என்று வாத்தியார் விரட்டுவார்.

எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1-இல் தொடங்கிய சத்துணவு, ஊரில் நிலைத்துவிட்டிருந்த காலம். தலைக்கு 100 கிராம் அரிசி, 15 கிராம் பருப்பு. அரிசியும் பருப்பும் மூட்டையில் வரும். காய்க்கு ஒதுக்கியது சில பைசாதான். அந்தக் காசுக்குச் சந்தையில் கிடைப்பதைப் போட்டால் சாம்பாரில் காயைத் துழாவித்தான் பிடிக்க வேண்டும். அதனால் சமையல் கூடத்துக்குப் பின்னால் கத்திரி, வெண்டை, அவரை, தண்டுக்கீரை என்று வகுப்புக்கு இரண்டு பாத்தி. ஆட்டுக்குப் பயந்து சுற்றிலும் முள்வேலி.

தண்ணீர்தான் பெரும்பாடு. தட்டு கழுவும் தண்ணீரை வாய்க்கால் வெட்டிப் பாத்திக்குத் திருப்பினோம். சோற்றுப்பருக்கை மிதந்து வரும், காக்கை கூடவே வரும். அவரையில் அசுவினி அப்பினால் சமையல் ஆயா அடுப்புச் சாம்பலைத் தருவார். பனி காயும் முன் இலையில் தூவினால்தான் ஒட்டும். பையன்களுக்குக் குடம், பெண்களுக்குத் துடைப்பம் என்று வேலை பிரித்ததில் நியாயமே இல்லை. குடத்தைப் பிடுங்கிக்கொண்ட பெண்களும் இருந்தார்கள்.

எல்லோரும் பாடுபட்டோம், எல்லோரும் சாப்பிடவில்லை. சில வீடுகளில் சத்துணவுக்குத் தட்டு கொடுத்தனுப்ப மாட்டார்கள். வசதி ஒரு காரணம். அடுப்படியில் நிற்பது எந்தத் தெருக்காரர் என்பது இன்னொன்று. வெளியே சொல்லப்படாத இந்த இரண்டாவதுதான் பெரியது. அப்படிப்பட்ட வீட்டுப் பையன் ஒருவன்தான் எங்களில் நன்றாகப் பாத்தி கட்டுபவன். அவன் பறித்துக் கொடுத்த கத்திரிக்காயை ஆயா அரிவாள்மணையில் நறுக்குவார். அதே காய் கொதித்து இறங்கியதும் அவனுக்கு ஆகாததாகிவிடும். தூக்குவாளியைத் திறந்து, புளிச்சோற்றோடு வேப்பமரத்தடியில் தனியே உட்காருவான். பச்சைக் காய்க்கு இல்லாத தீட்டு சாம்பாரில் எந்தக் கொதியில் ஏறியது என்று எந்த வீட்டுப் பெரியவரும் விளக்கவில்லை.

அவனும் வழி கண்டுபிடித்தான். பிஞ்சு வெண்டையைப் பாத்தியிலேயே ஒடித்துப் பச்சையாகத் தின்பது. காம்போடு ஒடித்ததும் நூலாக இழுக்கும் பிசின், பல்லில் நறுக்கென்று உடையும் விதை. அவன் ஒன்று ஒடித்தால் பக்கத்தில் நிற்பவனுக்குப் பாதி. யார் கை யார் வாய் என்ற கணக்கே அங்கே கிடையாது.

முதியோர் உதவித்தொகை வாங்குபவர்களுக்கும் 1983-லிருந்து அந்த அடுப்பிலேயே ஒரு வேளைச் சோறு உண்டு. தூக்கோடு வந்து வேலியோரம் உட்கார்ந்துவிடும் ஒரு பாட்டி, ஆளுக்கொரு குறை சொல்வார். “இன்னாடா கண்ணு, இப்டியா கொத்துவ? வேரு அறுந்துடப் போவுது!” நாற்பது வருஷம் ஊரார் கழனியில் நாற்று நட்ட கை, பேச்சில் பாதி திட்டு, மீதி பாடம். எங்கள் வேளாண்மை ஆசிரியர் அவர்தான், சம்பளம் ஒரு கரண்டி சாம்பார் கூடுதல்.

வெண்டை குறைவதை ஆயா கண்டுபிடித்துவிட்டார். “எலி கூட காம்ப விட்டுட்டுப் போவும், இதுங்க அதையும் தின்னுதுங்க” என்று சத்தம் போட்டுவிட்டு, காவலுக்குப் பாட்டியையே வெண்டைப் பாத்தியண்டை உட்கார வைத்தார். பாட்டிக்கு நாலடிக்கு அப்பால் கண் தெரியாது என்பது எங்களுக்குத் தெரியும். ஆயாவுக்கும் நன்றாகவே தெரியும்.