மழைக்காலக் கூடை

(மூன்றாம் ஆண்டு இளங்கலைப் பொருளியல் மாணவி)

“உப்பில்லாப் பண்டம் குப்பையிலே” என்று பழமொழி சொல்கிறது. உப்பு மட்டும் இருந்து, அதைப் போட்டுச் சமைக்கப் பண்டம் இல்லாதவர் என்ன செய்வது? அதற்குப் பழமொழி ஏதும் இல்லை. மரக்காணத்து மக்களுக்கோ அது ஆண்டுதோறும் எழும் கேள்வி.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் பேருந்தில் செல்வோர் எங்கள் உப்பளங்களைக் கண்டு வியப்பதுண்டு. அந்த வெண்மைக்குப் பின்னால் இருக்கும் உழைப்பைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது. அதை வெயிலால்தான் பிரித்தெடுக்க வேண்டும். தை, மாசியில் பாத்தியைக் காலால் மிதித்து இறுக்குவார்கள். பங்குனி முதல் புரட்டாசி வரை உப்பு வாருவார்கள். ஐப்பசி மழை இறங்கியதும் பாத்திகள் கரைந்துவிடும். பிறகு தை பிறக்கும்வரை கூலி இல்லை. 2022-இல் தமிழக அரசு உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு மழைக்கால நிவாரணமாக 5000 ரூபாய் வழங்கத் தொடங்கியது. என் தாயாரும் ஓர் உப்பளத் தொழிலாளி. அந்தத் தொகை எத்தனை நாள் அரிசிக்கு வரும் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம்.

எங்கள் பாத்தியைக் கரைக்கும் அதே மழைதான் மேற்கே சில கல் தொலைவில் உள்ள வயல்களில் அவரைக்கொடியைப் படர விடுகிறது. கீரையைத் தழைக்க வைக்கிறது. கடலோரத்தில் அடுப்பு அணையும் மாதத்தில் அங்கே கொல்லை நிறைகிறது. இயற்கை அன்னையின் இந்த முரணை நான் சிறு வயது முதல் கண்டிருந்தும், அதில் ஒரு வழி ஒளிந்திருப்பதைக் கல்லூரிக்கு வந்த பின்னரே அறிந்தேன்.

வகுப்பில் உழவர் சந்தையைப் பற்றிய பாடம் நடந்தது. 1999 நவம்பர் 14-இல் மதுரையில் தொடங்கிய அத்திட்டம் தரகரை விலக்கி, உழவருக்கு நியாய விலை கிடைக்க வழி செய்தது. ஆயினும் விளைந்தால்தானே சந்தை? விளையாமற் போனால் வரும் நட்டம் உழவர் ஒருவர் தலையில்தான் விழுகிறது. ஜப்பானில் 1970-களில் பரவிய ‘தெய்க்கெய்’ என்னும் முறையில், குடும்பங்கள் ஒன்று சேர்ந்து ஓர் உழவரோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, நிலம் தருவதை வாங்கிக்கொண்டன. 1986-இல் அமெரிக்காவிலும் இரு பண்ணைகள் இதே போன்ற முறையைத் தொடங்கின. அவ்வளவு தூரம் போவானேன்? நம் விழுப்புரம் மாவட்டத்திலேயே ஆரோவில்லில், இங்கிலாந்திலிருந்து வந்து தமிழ் பேசக் கற்ற கிருஷ்ணா மெக்கன்சி என்பவர் 1996-இல் தொடங்கிய ‘சாலிட்யூட்’ பண்ணை, ஜப்பானிய வேளாண் அறிஞர் ஃபுகுவோகாவின் இயற்கை வேளாண்மையைப் பின்பற்றி, சந்தா செலுத்தும் குடும்பங்களுக்குக் கூடை வழங்கிக் காட்டியிருக்கிறது.

இதை நான் வீட்டில் சொன்னபோது அம்மா உடனே கேட்டார்: “அப்ப சித்திரையில காசு குடுத்தா, கார்த்திகையில கறிகாய் வருமா? இது சீட்டு மாதிரி இல்ல இருக்கு!”

பொருளியல் நூல்களில் நான் காணாத விடை அந்த ஒரு வார்த்தையில் இருந்தது. எங்களுக்குக் கூலி இருக்கும் கோடையில்தான் உழவர் கையில் காசு இராது; ஆடிப்பட்டத்துக்கு விதையும் எருவும் வாங்க அவர் கடன் தேடுவார். எங்களுக்குக் கூலி இல்லாத மழையில் அவர் கொல்லை நிறைந்திருக்கும். இரு தொழிலுக்கும் பருவம் எதிரெதிராக இருப்பதே இரண்டையும் இணைக்கும் பாலம்!

2024 சித்திரையில் எங்கள் தெருவில் எட்டுக் குடும்பங்கள் சேர்ந்தோம். வாரம் 50 ரூபாய் வீதம் இருபது வாரம். இரண்டு காணி நிலம் உள்ள ஓர் உழவர் ஒப்புக்கொண்டார். ஐப்பசியில் அவருடைய டி.வி.எஸ். 50 வண்டியில் முதல் கூடைகள் வந்தன. முளைக்கீரை, பொன்னாங்கண்ணி, பிஞ்சுக் கத்தரிக்காய். மண் காயாத கீரையைக் கடைந்து சோற்றில் பிசைந்தபோது எழுந்த மணத்தை எப்படி எழுதுவேன்! எங்கோ பறித்து, லாரியில் வாடி வந்த காய்க்கு அந்தச் சுவை ஏது?

நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் வந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 48 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. உழவரின் நிலத்தில் முழங்கால் அளவு தண்ணீர். இரண்டு வாரம் கூடை வரவில்லை. தெருவில் முணுமுணுப்பு எழுந்தது. பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா என்றார் ஒருவர். அம்மா சொன்னார்: “கரைஞ்ச உப்புக்கு நம்மகிட்ட யாராவது காசு குடுத்தாங்களா? அந்த வலி நமக்குத் தெரியாதா, அண்ணே? அவரும் நம்மள மாதிரிதான்.” அதன் பின் யாரும் பேசவில்லை.

மூன்றாம் வாரம் வண்டியின் ஒலி கேட்டது. ஆளுக்கு ஒரு பரங்கிக்காய்த் துண்டும் வாழைத்தண்டும் மட்டுமே. உழவர் தலை குனிந்து நின்றார். அம்மா அவருக்குக் காப்பி கொடுத்தார். மார்கழியில் கொடி மீண்டும் தழைத்தது. அவரையும் முள்ளங்கியும் வந்தன. பொங்கலுக்கு மொச்சையும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் கூடை கொள்ளாமல் வந்தன.

குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். இருபது வாரமும் 50 ரூபாய் எடுத்து வைக்க முடியாத வீடுகள் எங்கள் தெருவிலேயே உண்டு. கூட்டு பெரிதானால்தான் அவர்களையும் தாங்க முடியும். இரண்டு வாரம் வெறுங்கூடையைத் தாங்கும் மனமும் வேண்டும்; அது காசைவிட அரிது.

நண்பர்களே! நம் விடுதிகளில் எல்லா மாதமும் அதே முட்டைக்கோசு, அதே உருளைக்கிழங்கு. நம்மில் பலர் உழவர் வீட்டுப் பிள்ளைகள். வாரத்தில் ஒரு நாளேனும் சுற்றுக் கிராமத்து உழவர் ஒருவரோடு இப்படி ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டால் என்ன? ஆடிக்கு முன்பே பணம் கொடுப்போம். மழையில் விளைவதை உண்போம். விளையாத வாரத்தில் ரசத்தோடு நிறைவு கொள்வோம். ஆசிரியப் பெருமக்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.