கடல் இல்லாத சீமையில் ஒரு கரைப் பறவை

கரைப் பறவைகளைக் காண வேண்டுமானால் தூத்துக்குடிக்கோ இராமேசுவரத்துக்கோ பிரயாணம் செய்ய வேண்டும் என்றுதான் அநேகர் எண்ணுவார்கள். 1985-ஆம் வருஷத்தில் இராமநாதபுரத்திலிருந்து பிரிந்த விருதுநகர் ஜில்லாவுக்குக் கடலே கிடையாது. ஆயினும், தை மாதத்துக் காலை வேளையில் கௌசிகா நதியின் குல்லூர்ச்சந்தை நீர்த்தேக்கத்துக்கோ, வைப்பாற்றின் வெம்பக்கோட்டை அணைக்கோ போய்ப் பாருங்கள். நீர் வற்றிய ஈரச் சேற்றில், சின்னஞ்சிறு குழந்தை கோலம் பழகினாற்போல், கால் தடங்கள் வரிசையாகச் சென்றிருக்கும். அவற்றை இட்டது உள்ளான் என்னும் விருந்தாளியாக இருக்கக்கூடும்.

தடத்தை வாசிக்க எளிய வழி, பின்விரலைப் பார்ப்பதுதான். கொக்கின் தடம் பெரியது. அதன் பின்விரல் நன்றாக நீண்டு பதியும். ஆள்காட்டிக் குருவிக்குப் பின்விரல் பெயரளவுக்குத்தான் உண்டு. அது சேற்றில் பதிவது அபூர்வம். சிறிய உப்புக்கொத்திக்கோ பின்விரலே இல்லை. உள்ளானின் தடத்தில் மெல்லிய மூன்று முன்விரல்கள் விசிறிபோல் விரிந்திருக்கும்; பின்னால் ஊசி குத்தினாற்போல் ஒரு சிறு புள்ளி. முழுத் தடமும் ஏறக்குறைய ஓர் அங்குலந்தான்.

உள்ளான் குடும்பத்தில் பலர் உண்டு. வந்தது யார் என்று நிச்சயிக்க ஆளையே பார்க்க வேண்டும். நமது உள்ளான் மைனாவைவிடச் சற்றுச் சிறியது. எடை சுமார் 50 கிராம். முதுகு மங்கிய பழுப்பு. வயிறு தூய வெண்மை. அந்த வெண்மை, மார்பின் பழுப்புக்கும் மடக்கிய இறக்கைக்கும் நடுவே ஒரு கீற்றாகத் தோள்வரை ஏறி நிற்கும். இதுவே முக்கிய அடையாளம். பறக்கும்போது இறக்கையில் ஒரு வெள்ளைக் கோடு தெரியும். இதன் உறவினனான பொரி உள்ளானுக்கு முதுகெல்லாம் புள்ளி. பறக்கையில் வாலின் அடிப்பாகம் வெளுத்துத் தோன்றும்.

நிறம் தெரியாத தூரத்திலும் குணம் காட்டிக் கொடுத்துவிடும். நின்றாலும் நடந்தாலும் உள்ளானின் பின்புறம் மேலும் கீழும் ஓயாமல் ஆடிக்கொண்டிருக்கும். நாம் நெருங்கினால் கீச்சென்று குரல் கொடுத்து, நீரைத் தொடுமளவு தாழ்வாகப் பறக்கும். இறக்கைகளைப் படபடவென்று சில முறை அடிப்பதும், சற்றே மிதப்பதுமாகச் சென்று அடுத்த மூலையில் இறங்கும். பெரும்பாலும் தனியாகவே இரை தேடும்.

இந்தச் சிறு பக்ஷியின் சொந்த ஊர் எது? ஐரோப்பா முதல் ஜப்பான் வரை, நமது இமயமலைச் சாரல் உட்பட, ஓடைக்கரைகளில் கோடைக்காலத்தில் நான்கு முட்டைகள் இட்டுக் குஞ்சு பொரிக்கிறது. தீபாவளிக்கு வெகு முன்பே தெற்கே வந்து, சித்திரை வாக்கில் திரும்பிவிடுகிறது.

இவ்வளவு தூரம் வந்து இந்தக் கரிசல் காட்டில் என்ன கிடைக்கிறது? விடை வறட்சியில் இருக்கிறது. 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் கற்று வந்த தீப்பெட்டித் தொழில் சிவகாசியில் வேரூன்றியதற்கும், பின்னர் பட்டாசுத் தொழில் செழித்ததற்கும் இங்குள்ள வறண்ட வானம் பேருதவி புரிந்தது. மத்தாப்பை உலர்த்தும் அதே வெயில்தான் கண்மாயையும் சுருக்குகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பெருகிய நீர், தை பிறந்தபின் சிறிது சிறிதாகப் பின்வாங்கி, புதுப்புது ஈர விளிம்பைத் திறந்து வைக்கிறது. புழுவும் பூச்சியும் நிறைந்த அந்த விளிம்புதான் உள்ளானுக்குச் சோற்றுத் தட்டு.

நாமோ அதை வெறும் சேறு என்கிறோம். குப்பையை அங்கே கொட்டுகிறோம். சீமைக் கருவேல் மண்டி நீரோரத்தை மூடுவதையும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். விளிம்பு மறைந்தால் விருந்தாளிக்கு இலை போட இடமில்லை. பறவை புகார் செய்யாது. வேறு கரை தேடிப் போய்விடும்.

ஆகையால் வரும் தை மாதத்தில் குழந்தைகளைக் கண்மாய்க்கு அழைத்துச் செல்லுங்கள். தடத்தைக் காட்டிப் பின்விரலைத் தேடச் சொல்லுங்கள். தடமே இல்லாத கரையைக் கண்டால், முன்பு அங்கே என்ன பறவைகள் வந்தன என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வைக்கச் சொல்லுங்கள்.